பொழுது சாய்வதற்குள்

தெருவில் டிங்கருக்கு வைத்த பெயர் வெடி. காரில் விழுந்த நெளிசலைத் தட்டி நிமிர்த்துவது அவர் தொழில். சுத்தியலைவிட வாய்ச் சத்தம்தான் அதிகம். ஆனாலும் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போவார், கடைசி பெஞ்சு. அவருக்குக் கல்யாணமான புதிதில் போதகர் பிரசங்கத்தில் ஒன்று சொன்னார்: பொழுது சாய்வதற்குள் கோபம் தணிந்துவிட வேண்டும். மனுஷன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எப்படி? பொழுது சாயும்வரை கோபப்பட அனுமதி உண்டு என்று!

அடக் கொடுமையே! விடிந்ததிலிருந்து மனைவியை வறுத்தெடுப்பார். இருட்டியதும் கைகழுவிவிட்டு, "முடிஞ்சுபோச்சு, சாப்பாடு போடு" என்பார். அவருக்கு நிஜமாகவே முடிந்திருக்கும்.

"உங்களுக்கு இருட்டினா முடிஞ்சிடுது. எனக்கு அப்பத்தாங்க ஆரம்பிக்குது." இதைச் சொல்லிவிட்டுத்தான் போன வருஷம் அவள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

காலி வீட்டில் ஒருநாள் ஒழுகும் குழாயைத் திட்டினார். குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து காதில் விழுந்தது. இதையா அவள் இத்தனை காலம் கேட்டாள்? வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றிலிருந்து அவர் ஜெபத்தில் ஒரே விண்ணப்பம்: அவள் திரும்பி வர வேண்டும், அதற்கு முன் இந்த வாய் அடங்க வேண்டும்.

அவள் வந்தாள், தையல் மெஷினை எடுத்துப்போக. வீட்டு முன்பக்கப் பட்டறையைக் கடக்கும்போது பை தட்டிப் பெயிண்ட் டப்பா கவிழ்ந்தது. காலையில்தான் முடித்த கார் கதவு பாழ்.

திட்டு தொண்டைவரை வந்துவிட்டது. விறுவிறுவென்று பின்பக்கம் போய், கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்தார். "ஆண்டவரே, இந்த வாயைப் பிடிச்சுக்கோங்க. நாளைக்கு இல்ல, இப்பவே."

திரும்பி வந்தபோது அவள் சுவரோடு ஒட்டி நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திட்டலையா? இன்னும் வெளிச்சம் இருக்கே."

நக்கல் இல்லை. நிஜமாகவே காத்திருந்தாள்.

"கோபம் வந்துச்சும்மா. ஆண்டவர்கிட்ட இறக்கி வெச்சுட்டு வந்தேன். நீ இங்கயே இருந்துடேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சந்தோஷந்தாங்க. ஆனா உங்க செருப்புச் சத்தம் கேட்டாலே இன்னும் உடம்பு நடுங்குது. அந்த நடுக்கம் நிக்கட்டும், அப்புறம் வர்றேன்."

மெஷினை அவரே தூக்கி அவள் வந்த வண்டியில் ஏற்றினார். வண்டி திரும்பும்வரை வாசலில் நின்றார்.

பொழுது சாய்ந்தது. தணிக்க வேண்டிய கோபம் எதுவும் அவரிடம் இல்லை. கைகழுவிவிட்டு வந்தார், சாப்பாடு போடு என்று சொல்லத்தான் ஆளில்லை.