கிணறு உள்ள வீடு, முதல் மாடி

அச்சில் வந்த என் எழுத்தை நானே நாற்பது பிரதி ஜெராக்ஸ் எடுத்து, நானே தபால்தலை ஒட்டி, எனக்குத் தெரிந்த வீட்டுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறேன். அப்போது எனக்கு நாற்பத்தைந்து. புத்தி வந்திருக்க வேண்டிய வயதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூரில் வீட்டு புரோக்கராக இருந்தேன். வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுத்தால் குடிவருபவர் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகத் தருவார். வீட்டுக்காரரும் தரவேண்டும் என்பது சம்பிரதாயம். பலர் காபி தருவார்கள். வாசலில் இலவசமாகப் போட்டுவிட்டுப் போகும் வட்டாரப் பத்திரிகை ஒன்றில் இதையெல்லாம் எழுதச் சொன்னார்கள். எந்தத் தெருவில் என்ன வாடகை, எங்கே தண்ணீர்க் கஷ்டம் என்று வாரம் அரைப் பக்கம்.

டீக்கடைக்காரர், "இன்னா நைனா, பேப்பர்லல்லாம் எழுதிக்கினுகீற! இனிமேயாவது பழைய பாக்கிய தருவியா?" என்றார். முதல் பாதி மட்டும்தான் என் காதில் விழுந்தது.

ஒரு வாரம் எழுத விஷயம் கிடைக்கவில்லை. குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் நான் குடிவைத்த ஒரு டீச்சர் நினைவுக்கு வந்தார். கணவர் இறந்துவிட்டார், மகள் பிளஸ் டூ, பள்ளிக்கூடம் அடுத்த தெருவில். ஒருமுறை தாகத்துக்கு அவர் வீட்டு மாடியேறியபோது, சொம்பை நீட்டியபடி சொல்லியிருந்தார்: "ஆறு வருஷமா வாடகை ஏத்தல சார். வீட்டுக்காரருக்கு எங்க ஞாபகமே இல்ல போலிருக்கு. இவ பரீட்சை முடியற வரைக்கும் மறந்தே இருக்கட்டும்."

அந்த வீட்டைப் பற்றி எழுதினேன். பெயர் போடவில்லை. 'கோடையிலும் வற்றாத கிணறு, முதல் மாடி, ஆறு வருடமாக அதே வாடகை. காலியானால் இரண்டு பங்கு வாடகைக்கு ஆள் நிற்கும்' என்று மட்டும். வீட்டுக்காரர் இருந்தது நங்கநல்லூரில். பத்திரிகை அங்கே போகாது. என் ஜெராக்ஸ் போனது.

நான்காம் நாள் போன் வந்தது.

"என்ன ஓய், கிணறு கிணறுன்னு எழுதியிருக்கீரே, அது நம்மாத்துக் கிணறுன்னா! ரெண்டு பங்கு நிஜமாவே போறதா?"

"சார், அது சும்மா ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்கா? அச்சுல போட்டிருக்கீர். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டேன். நல்ல பார்ட்டியா நீரே கொண்டாரும்."

பரீட்சை வரை பொறுக்கும்படி நங்கநல்லூருக்கு இரண்டு தடவை போய்க் கெஞ்சினேன். இரண்டு தடவையும் காபி கிடைத்தது.

டீச்சர் வீட்டு வாசலிலும் அந்தப் பத்திரிகை விழும். அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெசன்ட் நகர் தாண்டி, பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறி வரவேண்டிய இடத்தில் ஒற்றை அறை பிடித்துக் கொடுத்தேன். பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது சாமான் ஏறியது. அந்தப் பெண் டெம்போவில் மெத்தைச் சுருட்டின்மேல் உட்கார்ந்து, பிசிக்ஸ் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள். வண்டி கிளம்பும்வரை பக்கம் திருப்பவில்லை.

புது வீட்டில் பால் காய்ச்சியதும் டீச்சர் ஒரு கவரை நீட்டினார். ஒரு மாத வாடகை, என் கமிஷன்.

"ஐயோ, வேண்டாம் டீச்சர். இதுக்குப் போய்..."

கையை அவர் இறக்கவில்லை.

"பிடிங்க சார். வாங்கலேன்னா, எங்களுக்கு ஏதோ நல்லது பண்ணிட்டதா நெனச்சுக்கிட்டுப் போயிடுவீங்க."