வருஷத்துக்கு ஒரு வாரம் இலவசம்

என் அண்ணனுக்குக் குடிநீர் வாரிய அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை. கண்ணாடித் தடுப்பில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை, அதற்கு அந்தப் பக்கம் அண்ணன். இந்தப் பக்கம் ஊரே வரிசையில் நிற்கும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்பவர்கள், வருகிற தண்ணீர் நாறுகிறது என்பவர்கள், வராத தண்ணீருக்கு பில் மட்டும் வருகிறது என்பவர்கள். எல்லோருக்கும் அண்ணன் ஒரே முகத்தோடு "முடியாது" என்பார். அந்த அலுவலகத்தில் அவர் அளவுக்கு அழகாக "முடியாது" சொல்ல ஆள் கிடையாது. மேலதிகாரிகளே தங்களுக்குச் சொல்லக் கூச்சமாக இருக்கிற ஆட்களை அவரிடம் அனுப்பிவைப்பார்கள்.

வீட்டுக்கு வந்தால் அந்த ஒரு வார்த்தை மட்டும் அவருக்கு மறந்துபோகும். பஸ் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடுகிற தூரத்தில் வீடு வாங்கியது அவர் செய்த முதல் தப்பு. மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை, ஒரே குளியலறை. எங்கள் சொந்தக்காரர்களைப் பொறுத்தவரை அது பஸ் நிலையத்தின் ஓய்வறை. கண் ஆஸ்பத்திரிக்கு வருகிற அத்தை, இன்டர்வியூவுக்கு வருகிற மச்சினன், ஒரு வேலையும் இல்லாமல் வருகிற சித்தப்பா என்று யார் கதவைத் தட்டினாலும் அண்ணன் வாயெல்லாம் பல்லாக "வாங்க, வாங்க" என்பார். ராத்திரி ஹாலில் தரையில் படுத்து மின்விசிறியைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். விடுமுறை நாளில் பேப்பர் படிக்க மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒதுங்குவார். சித்தப்பா அங்கேயும் வந்து நடுப்பக்கத்தை உருவிக்கொள்வார்.

அண்ணனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: யாரும் கதவைத் தட்டாத ஓர் இடத்தில் போய் இருக்க வேண்டும். அதற்கு எங்காவது வெளியூரில் இரண்டு நாள் ரூம் போட்டால் போதுமே என்றேன். அண்ணன் அப்படிச் சில்லறையாக யோசிக்கிறவர் இல்லை. கடல் தாண்டி, வேறு ஒரு நாட்டில், ஒரு சின்னத் தீவில், கடற்கரை ரிசார்ட் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து அங்கேயே போய்விடுவதாக முடிவு செய்தார்.

ஞானம் வந்தது கைப்பேசியில். வேலையை உதறிவிட்டு ரிசார்ட் நடத்தப் போன யாரோ ஒரு ஜோடியின் வீடியோ. அதில் அவர்கள் மணலில் நடந்தார்கள், சிரித்தார்கள், மறுபடியும் நடந்தார்கள். கக்கூஸ் அடைத்துக்கொண்டதை எல்லாம் யார் படம் பிடிக்கிறார்கள்? அண்ணன் அதை எத்தனை முறை பார்த்தாரோ, கடைசியில் வயதான கணவன் மனைவி நடத்திவந்த எட்டு அறை ரிசார்ட் ஒன்றை இணையத்தில் தேடிப் பிடித்துவிட்டார். பத்து வருடக் குத்தகை.

"தங்க வர்றவங்களைக் கவனிக்கணுமே அண்ணா. உங்களுக்குத்தான் ஆள் வந்தாலே ஆகாதே" என்றேன்.

"அது சொந்தக்காரங்க வந்தா. காசு குடுத்துட்டு வர்றவன் வேற ஜாதிம்மா. வருவான், இருப்பான், சொன்ன தேதிக்குக் கிளம்பிடுவான்."

அண்ணி ஒரு பெண்கள் விடுதியில் வார்டன். நூறு பெண்கள், ஒரு தண்ணீர் மோட்டார், வாரத்துக்கு ஒரு தடவை காணாமல் போகிற சாவிக்கொத்து. ஒரே மகளும் வேறு ஊரில் விடுதியில்தான் இருந்து படிக்கிறாள். வெளிநாடு போகலாமா என்று அண்ணியிடம் அண்ணன் கேட்டதாக எனக்கு நினைவில்லை. போகிறோம் என்று தகவல் சொன்னார். அண்ணி "சரி, துணியை எடுத்து மடிங்க" என்றாள்.

வங்கியில் ஒரு பகுதிதான் கடன் கிடைக்கும், மீதியை நீங்கள்தான் போட வேண்டும் என்றார்கள். அண்ணனிடம் மீதி என்று எதுவும் இருந்ததில்லை. யோசித்தார். பிறகு யாரிடமிருந்து தப்பிக்கக் கடல் தாண்ட நினைத்தாரோ, அவர்கள் வீட்டு வாசலிலேயே போய் நின்றார்.

முதலில் பெரிய மாமா. கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சில்லறை பாக்கியைத் திருப்பித் தராமலே வீடு கட்டியவர் என்று எங்கள் வீட்டில் பேச்சு. திட்டத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி மாப்பிள்ளை, பணம் போடுற எங்களுக்கு என்ன?" என்றார்.

இதுவே அலுவலகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட கேள்வியாக இருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும். கேட்டது மாமா. அண்ணன் நெளிந்தார், தலையைச் சொறிந்தார், கடைசியில், "வருஷத்துக்கு ஒரு வாரம் நீங்க ஃப்ரீயா வந்து தங்கிக்கலாம் மாமா" என்றார்.

சாயங்காலத்துக்குள் விஷயம் குடும்பம் முழுக்கப் பரவிவிட்டது. அவசரத்துக்கு ஆயிரம் ரூபாய் கேட்டால் கை விரிக்கிறவர்கள் எல்லாம் பணத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு ஓடி வந்தார்கள். அத்தை வந்தாள், சித்தப்பா வந்தார், அண்ணனின் சகலையான பல் டாக்டர் வந்தார். நானும் ஒரு பங்கு போட்டேன். அண்ணன் மேல் நம்பிக்கை என்று பொய் சொல்லமாட்டேன். கடல் பார்த்த அறையில் ஒரு வாரம் தூங்கலாம் என்ற ஆசைதான். அன்றிலிருந்து அண்ணனுக்குக் குடும்பத்தில் 'ரிசார்ட்' என்றே பெயராகிவிட்டது.

குத்தகைக்கு முன்பணம் போய்ச் சேர்ந்தது. அண்ணன் ஹால் சுவரில் பெரிய அட்டை ஒன்றை ஒட்டி, வருடத்தின் வாரங்களைக் கட்டம் கட்டமாக வரைந்து, அவரவர் வாரத்தைக் குறிக்கச் சொன்னார். எல்லோருக்கும் பள்ளி விடுமுறையில்தான் வேண்டியிருந்தது. 'நீங்க வந்து தங்கிக்கலாம்' என்றால் குடும்பத்தோடு என்று எங்கள் அகராதியில் அர்த்தம். பல் டாக்டர் தன் அம்மாவுக்குத் தனி அறை கேட்டார். கடல் பார்த்த அறை யாருக்கு என்று அத்தைக்கும் மாமாவுக்கும் பேச்சு முற்றி, மாமா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். இன்னும் ஒருவரும் அந்தக் கடலைக் கண்ணால் கூடப் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அண்ணி விடுதியிலிருந்து வந்தாள். கைப்பையைக் கூட இறக்கி வைக்காமல் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காசு குடுத்து வர்றவங்களுக்கு இதுல எந்த ரூம்?"

அண்ணன் அட்டையின் அடிப்பகுதியைக் காட்டினார். "இதோ, மழைக்காலத்துல எல்லாமே காலிதானே."

"மழைக்காலத்துல அந்தத் தீவுக்குப் படகே ஓடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கடல் கடந்து போய், தன் சொந்தக்காரர்களுக்கு எட்டு அறையில் ஓர் இலவச விடுதி கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அண்ணனுக்கு உறைத்தது. ஆனால் கொடுத்த வாக்கை எப்படி மாற்றுவது என்று என்னிடம் வந்து குசுகுசுவென்று கேட்டார். ஊர் முழுக்க "முடியாது" சொல்கிற மனிதர்.

அதைவிடப் பெரிய வேடிக்கை வங்கியில் காத்திருந்தது. கடன் பணமும் கைக்கு வந்து, ரிசார்ட்டைக் குத்தகைக்கு விட்டவர்களுக்கும் போய்ச் சேர்ந்த பிறகு, அண்ணன் ராஜினாமாக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தவணையை இனி வெளிநாட்டிலிருந்து எப்படிக் கட்டுவது என்று கேட்க வங்கிக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "வேலையை விடப் போறீங்களா? சார், உங்க சம்பளத்தை நம்பித்தானே நாங்க கடனே குடுத்தோம்."

"ரிசார்ட்ல வருமானம் வரும் சார்."

"அது வந்தா சந்தோஷம். ஆனா வேலையை விட்டா அன்னைக்கே மொத்தக் கடனையும் கட்டணும். இல்லேன்னா அடமானம் வெச்ச வீட்டை எடுத்துக்குவோம். கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

சம்பளச் சீட்டைக் காட்டி, அந்தச் சம்பளத்தையே விட்டுவிட்டுப் போவதற்குக் கடன் வாங்கிய முதல் மனிதர் என் அண்ணனாகத்தான் இருக்க வேண்டும். புகார்ப் பிரிவில் ஒவ்வொருவரிடமும் "படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க" என்று எரிந்து விழுகிறவர் இவர்தான். கடன் தீருகிற வருடம்தான் அவர் ஓய்வு பெறுகிற வருடம். குத்தகை முடிகிற வருடமும் அதுவே. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். கேலி பேச எனக்கு வாய் வரவில்லை. பாவமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பங்குதாரர்கள் எல்லோரும் அண்ணன் வீட்டு ஹாலில் கூடினார்கள். முன்பணம் திரும்பாது, யாராவது போய் நடத்தியே ஆக வேண்டும். மச்சினன், தான் இளைஞன் என்றான். சித்தப்பா, தனக்குத்தான் வேலை வெட்டி இல்லையே என்றார். அது உண்மை என்பதால்தான் எல்லோரும் பயந்தார்கள்.

"நான் போறேன்" என்றாள் அண்ணி. சமையலறை வாசலில் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"நீயா?" என்றார் அண்ணன்.

"நூறு பேரை வெச்சு மேய்க்கிறேன். எட்டு ரூம் என்னங்க பெரிசு? ஆனா ஒண்ணு. ஒரு பங்குக்கு ஒரு ரூம்தான். லீவு நாள்ல பாதி ரூம் வெளி ஆளுங்களுக்கு. அட்டையில பேர் இல்லாத யார் வந்தாலும் காசு. இதுக்குச் சரின்னா போறேன்."

மாமா வாயைத் திறந்தார். அண்ணி அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான், மூடிக்கொண்டார். வீட்டுக்குள் "முடியாது" என்ற வார்த்தையை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான், அதுவும் அந்த வார்த்தையைச் சொல்லாமலே.

அண்ணி போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு பஸ் நிலையத்துப் பக்கத்து வீட்டுக்கு ஒரு ஈ காக்கை கூட வரவில்லை. டீ போட்டுக் கொடுக்க ஆளில்லாத வீட்டுக்கு யார் வருவார்கள்? கடல் இருக்கும்போது மொட்டை மாடி யாருக்கு வேண்டும்? அண்ணன் ஒரு விடுமுறை நாளில் எனக்கு போன் செய்தார்.

"பேப்பர் முழுசையும் படிச்சிட்டேன்" என்றார்.

"நல்லதுதானே அண்ணா."

"நல்லதுதான். வரி விளம்பரம் வரைக்கும் படிச்சிட்டேன்." பேப்பரை மடிக்கிற சத்தம் கேட்டது. "நீ இந்தப் பக்கம் வர்றதா இருந்தா சொல்லு."

என் வாரம் பள்ளி விடுமுறையில் வந்தது. பிள்ளைகளோடு படகிலிருந்து இறங்கியபோது எனக்கு அண்ணியை அடையாளமே தெரியவில்லை. முகம் கறுத்து, காலில் ரப்பர் செருப்பு, தோளில் துண்டு. அந்த நாட்டுப் பாஷையில் படகுக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள். பாஷை அரைகுறை, திட்டு முழுசு. இவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. முதல் வருடத்திலேயே வெளி ஆட்களுக்கான அறைகள் காலியில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

அண்ணனுக்கும் அதே வாரத்தில் மூன்று நாள் விடுப்பு கிடைத்தது. முதலாளிக்கு எதற்கு வாரம் என்று அட்டையில் அவர் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவே இல்லை. அதனால் காசு கொடுத்து அறை எடுத்தார், வெளி ஆளுக்கு என்ன விலையோ அதே விலை. அண்ணி வேண்டாம் என்றாள். அவர் கேட்கவில்லை, தள்ளுபடி கொடுத்தால் ரிசார்ட் வருமானம் குறைந்து, தவணைக்கு அந்தப் பணமும் தன் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும் என்றார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

மூன்று நாளும் அவர் அறைக் கதவைத் தட்டாத சொந்தக்காரன் இல்லை. வெந்நீர் வரவில்லை என்று மாமா, கொசு கடிக்கிறது என்று அத்தை. முதலாளி வந்துவிட்டாரே. அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, வாளியோடு நடந்தார். கடலை அவர் எப்போது பார்த்தார் என்று எனக்குத் தெரியாது.

கடைசி நாள் சாயங்காலம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணியிடம் வந்து நின்றார்.

"நானும் இங்கயே இருந்துடட்டுமா?"

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். "இருந்துட்டா?" என்றாள் மெதுவாக. "தவணை?"

அவர் கணக்கு நோட்டைப் பார்த்தார். அண்ணி அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். "காலையில பதினோரு மணிக்கு அந்த ரூமுக்கு ஆள் வர்றாங்க" என்றாள். என் அறையில் தங்கிவிட்டு அடுத்த படகில் போங்கள் என்று நான் கெஞ்சினேன். திங்கட்கிழமை டூட்டி இருக்கிறது என்றார்.

காலையில் பெட்டியோடு வந்து, பணத்தை எண்ணி மேஜை மேல் வைத்தார். அண்ணி வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, மீதியைக் கொடுத்து, போகிற வெளி ஆட்களிடம் எல்லாம் சொல்வதைப் போல, "மறுபடி வாங்க" என்றாள். யாரிடம் சொன்னோம் என்று தெரிந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அண்ணன் மீதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "லீவு கிடைச்சா வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் படகுக்கு நடந்தார்.