பாண்டிச்சேரியா, காரைக்காலா

மச்சானைப் பகைத்துக்கொண்டு மகளுக்குச் சடங்கு வைத்தவன் அந்தப் பக்கத்தில் எவனும் இல்லை. அவனியாபுரம் அழகுராஜாவுக்கு இது நன்றாகவே தெரியும். ஆவணியில் மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்து, வேட்டுப் போட்டு மண்டபத்துக்குள் நுழைந்தால்தான் சபைக்கு அழகு. அந்தத் தாய்மாமன் கருத்தக்கண்ணன்தான் இப்போது, "கடற்கரைப் பக்கம் ரெண்டு நாள் போய்ட்டு வருவோம்" என்று கிளம்பி நிற்கிறார். கூட ஏழு பேர். வண்டி அழகுராஜாவின் வேன். ஊர் மட்டும் முடிவாகவில்லை.

நான்கு பேருக்குப் பாண்டிச்சேரி, மூன்று பேருக்குக் காரைக்கால். இரண்டும் கடலோர ஊர், இரண்டிலும் திரும்பிய பக்கமெல்லாம் ஒயின் கடை. கடல் ஒரு சாக்கு. கரைக்குப் போய் ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அதன் வேலை முடிந்தது.

பதினெட்டு வருடமாக வேன் ஓட்டுகிற அழகுராஜா இரண்டு ஊருக்கும் எத்தனையோ சவாரி போயிருக்கிறான். அங்கேதான் பழகினான். வண்டியை ஓரங்கட்டியதும், "டிரைவரண்ணே, சும்மா பக்கத்துல வந்து உக்காருங்க" என்பார்கள். உட்காருவான். அப்புறம் ஒரு வாய். அதற்கப்புறம் சவாரி இல்லாத நாளிலும் பழங்காநத்தம் டாஸ்மாக் பாரில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டான். போன வருடம் மகளின் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் போனவன், வாசலோடு விழுந்துவிட்டான். மகள் தோழிகளோடு அவனைத் தாண்டிப் போனாள். "யாருடி இது?" என்று ஒருத்தி கேட்க, "யாரோ, தெரியல" என்று மகள் சொன்னது அவன் காதில் நன்றாக விழுந்தது. அந்த வாரமே மனைவி பாண்டீஸ்வரி அவனைக் கோயிலுக்கு இழுத்துப் போய், ஒரு வருடத்துக்குக் குடிப்பதில்லை என்று சாமி முன்னால் சத்தியம் வாங்கிக் கையில் கயிறு கட்டவைத்தாள்.

அந்தக் கயிறு அவனுக்குப் பெரிய நிம்மதி. கல்யாணமோ கருமாதியோ, யார் டம்ளரை நீட்டினாலும் கையைத் தூக்கிக் காட்டினால் போதும். சாமி விஷயம் என்று விட்டுவிடுவார்கள். மச்சானிடமும் அதையே காட்டினான்.

"கயிறு கெடக்கு மச்சான். வேற டிரைவர் பாத்துக்கங்களேன்."

"எப்ப முடியுது?"

"ஆடி இருபத்தி மூணு."

"அப்ப இருபத்தஞ்சு கெளம்புவோம்! உங்களுக்காகத்தான மாப்ள. ஒரு வருசம் வைராக்கியமா இருந்த மனுசன், உங்கள விட்டுட்டுப் போவமா?"

ஏழு பேரும் லீவை மாற்றிக்கொண்டார்கள். விரோதமாக இருந்தால் சண்டை போடலாம். இம்புட்டுப் பாசத்தை என்ன செய்வது?

யோசித்து யோசித்து, காரைக்கால் பக்கம் சாய்ந்தான். பக்கத்திலேயே திருநள்ளாறு. சனீஸ்வரனைக் கும்பிட்டவன் வேறெங்கும் நுழையாமல் நேரே வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். போன காலோடு கோயிலுக்குப் போய்விட்டால் வண்டியை மதுரைக்குத் திருப்பிவிடலாம். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு மச்சானிடம் சொன்னான்.

கருத்தக்கண்ணன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "நல்ல காரியம். கோயில மூணாம் நாள் காலைல, திரும்புறப்ப வச்சுக்குவோம். அங்கருந்து நேரா வீடு. மொத ரெண்டு நாளு நம்ம நாளு."

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது பாண்டீஸ்வரியிடம் சொன்னான். அவள் ஒரு அதட்டுப் போட்டால் போதும், பொண்டாட்டி விடமாட்டேன் என்கிறாள் என்று ஒதுங்கிவிடலாம். ஊரே சிரித்தாலும் பரவாயில்லை.

அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, "போய்ட்டுதான் வாங்களேன்" என்றாள்.

"நெசமாத்தான் சொல்றியா?"

"ஒரு வருசம் இருந்துட்டீகள்ல. ரெண்டு நாள்ல என்ன ஆயிரப்போகுது? சடங்கு நேரத்துல அண்ணன் மொகம் கோணிச்சுன்னா சபையில யாரு நிப்பா?"

அவள் அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். அவளுக்கும் பயம்தான், அது அவனுக்குத் தெரிந்தது. ஆனாலும் வலித்தது. சத்தியம் வாங்கியவளே கைகழுவிவிட்டாள். பாதிச் சோற்றில் எழுந்துபோய் மச்சானுக்குப் போன் போட்டான்.

"மச்சான், கயித்துக்காக இல்ல. கயிறு இல்லாட்டியும் எனக்கு வேணாம். ஒரு வாய் உள்ள போச்சுன்னா நான் திரும்பி வரமாட்டேன். பயமா இருக்கு மச்சான்."

இப்படி யாரிடமும் அவன் சொன்னதில்லை.

"அட, இதுக்கா மாப்ள இம்புட்டு யோசனை?" கருத்தக்கண்ணனின் குரல் நிஜமாகவே இளகியிருந்தது. "உங்கள யாரு குடிக்கச் சொன்னா? எவனும் கட்டாயப்படுத்த மாட்டான், அதுக்கு நான் பொறுப்பு. நீங்க சும்மா பக்கத்துல உக்காருங்க, போதும். கோயிலு இன்னொரு நாளைக்கு ஆகட்டும், நாலு பேரு கேட்டபடி பாண்டியே போவோம், முடிவு பண்ணியாச்சு."

அழகுராஜா சுவரில் சாய்ந்து நின்றான். உள்ளே மகளுக்கு எடுத்த பட்டுப்பாவாடையைப் பாண்டீஸ்வரி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன மணிக்கு மச்சான் கெளம்பணும்?" என்று கேட்டான்.