மூன்று நாள் பிந்திய அனுமதி

அல்சூர் ஏரியில் காலைப் பனி இறங்கினால் எதிர்க்கரை காணாமல் போய்விடும். அந்த வெண்மைக்குள்ளிருந்து பட்டாளத்து ஆட்கள் படகுகளைக் கோத்து, பலகை பரப்பிக்கொண்டே வருவார்கள். தண்ணீரில் பாலம் தானாக முளைப்பதுபோல இருக்கும். முன்னால் என் அண்ணன், பின்னால் அவனுடைய சுபேதார். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போகிற அவசரத்திலும் நான் அண்ணியோடு ஒரு நிமிஷம் நின்று பார்ப்பேன். மத்தியானத்துக்குள் பாலத்தைப் பிரித்துவிடுவார்கள். கனவு கண்டோமோ என்று தோன்றும்.

பர்மா சண்டையில் அதே இருவரும் ஓர் ஆற்றங்கரையில் நின்றார்கள். ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் வந்துவிட்டால்தான் எதிரியைத் தடுக்க முடியும் என்று ஜெனரல் மன்றாடினாராம். மேலே இருந்த மந்திரிகளுக்கோ, ஊரை விட்டால் பேர் கெட்டுவிடுமே என்ற கவலை. அங்கேயே நில் என்றார்கள். மூன்று நாள் கழித்து அனுமதி வந்தபோது எதிரி முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டான். ஆறும் போயிற்று, ஊரும் போயிற்று. வரைபடத்தில் மட்டும் சண்டை பார்த்த மகராசன்கள்! இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. பிற்பாடு நான் வகுப்பில் நடத்திய சரித்திரப் புத்தகத்தில் அது ஒரே வரி: படைகள் பின்வாங்கின.

எங்களுக்கு வந்த சர்க்கார் கடிதம் அண்ணனைக் ‘காணவில்லை’ என்றது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அண்ணி ஏழு மாதம் குங்குமம் வைத்தாள். பிறகு ஒரு மத்தியானம் சுபேதார் வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

“வெடி வச்சவன்தான் விசையை அமுக்கணும். அது எங்க கம்பெனி வழக்கம், தங்கச்சி. வச்சவன் நான். எதிரி ஏறுறதுக்குள்ள பாலத்தைத் தகர்க்கச் சொல்லி ஹுக்கும் வந்தப்போ உன் வீட்டுக்காரன் பாதிப் பாலத்துல ஓடி வந்துட்டிருந்தான். பார்த்துக்கிட்டேதான் அமுக்கினேன்.”

எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அண்ணி நிதானமாகக் கேட்டாள்.

“உங்களுக்கு யாரு சொன்னது?”

“கேப்டன் சாப்.”

“அவருக்கு?”

“ஜெனரல்.”

“அந்த ஜெனரலை மூணு நாள் நிறுத்தி வச்சது?”

“டெல்லியோ சீமையோ, யாரு கண்டா?”

“அவங்கள்ல ஒருத்தராச்சும் இங்க வந்தாங்களா? நீங்கதான் வந்திருக்கீங்க. உக்காருங்கண்ணே.”

அண்ணனுக்கென்று தினமும் ஒரு தட்டுச் சோறு மூடி வைப்பாள் அண்ணி. பொழுது சாய்ந்தபின் அது மாட்டுக்குப் போகும். அன்று அந்தத் தட்டை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்துக் குழம்பு ஊற்றினாள். ஒரு வாய் எடுத்த சுபேதார் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“சாப்பிடுங்க,” என்றாள் அண்ணி. “இனிமே வைக்கமாட்டேன்.”