போகும்போது ஒன்றரை, வரும்போது நாலரை

எழுபதுகளில் எங்கள் ஊர் விருத்தாசலத்தில், பிளேன் ஏறிப் போய் வந்தவர் வைத்ததுதான் சட்டம். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, துபாயிலிருந்து முதல் லீவில் வந்தபோது எங்கள் வீட்டில் அந்தச் சட்டம்தான் நடந்தது. அது நோன்பு மாதம். ஒருநாள் சாயங்கால அஸர் தொழுகை முடிந்து எல்லோரும் வாய் வறண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் மாமா ஒரு கணக்குப் போட்டார்.

"பம்பாயில பத்து மணிக்கு ஏறுனேன். துபாயில எறங்குறப்ப பதினொன்றர. வர்றப்ப அங்க பத்து மணிக்கு ஏறுனேன். பம்பாயில எறங்குறப்ப ரெண்டர. அதே தூரம், அதே பிளேனு. ஏன்? சொல்லுங்க பாப்பம்."

எங்கள் அப்பா, அத்தா, அப்போது துபாயில்தான் இருந்தார். அவருடைய அண்ணன் கடைத்தெருவில் பீங்கான் கடை வைத்திருந்தவர். கப்பு சாசரை வைக்கோல் சுற்றி ஊர் ஊராக வண்டியேற்றியவருக்குப் பாரம் தெரியாதா? "இதுல என்னடா அதிசயம்? போறப்ப வெறும் பொட்டியோட போறீங்க. வர்றப்ப ரேடியோ, சேல, கம்பளின்னு ஏத்திக்கிட்டு வரீங்க. பாரவண்டி மெதுவாத்தான் வரும்" என்றார். அடேயப்பா, என்ன மூளை என்று நான் வாயைப் பிளந்தேன்.

மாமா தாகத்தையும் மறந்து சிரித்தார். "ரெண்டுக்கும் மூணு மணி நேரந்தாங்க. அங்க மணி நமக்கு ஒன்றர மணி நேரம் பின்னால. எறங்குனதும் எல்லாரும் வாட்ச்ச திருப்பி வெச்சுக்குவோம்."

அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். "அப்ப நாம நோன்பு தொறக்குறப்ப அங்க?"

"அங்க பொழுதே எறங்கியிருக்காதுக்கா. மச்சான் வெயில்ல வேலையில இருப்பாங்க."

அம்மா திரும்பிப் போய்க் கஞ்சியைக் கிண்டினார். போன வருஷம் அத்தா துபாய்க்குப் புறப்பட்டபோது ரயிலடியில் அம்மாவிடம் சொன்னது எனக்கும் தெரியும். "பாங்கு சொன்னதும் நீ பேரீச்சம்பழத்த வாயில போடு. நானும் அங்க போடுவேன். ஒண்ணா தொறந்த மாதிரி." அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா ஒரு நோன்பு முழுக்கத் தனியாகக் கடந்திருந்தார்.

அன்று பாங்கு சொன்னதும் அம்மா ஒரு பழம் தின்று தண்ணீர் குடித்தார். கஞ்சியைத் தொடவில்லை. ஆடை படிந்து ஆறிப்போன பிறகு, ஒன்றரை மணி நேரம் கழித்து, இராத்தொழுகை இஷாவைத் தொழுதுவிட்டு வந்து குடித்தார். மறுநாளும் அப்படித்தான், பெருநாள் வரைக்கும் அப்படித்தான். மாமா மேல் கோபமாக்கும் என்று நான் நினைத்தேன். "சுட வெச்சுத் தரவாம்மா?" என்றால், "பேசாம சாப்புடு" என்பார்.

பெருநாள் கழிந்து மாமா கிளம்பினார். அம்மா வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, மச்சான்கிட்ட போயி இந்த மணிக் கணக்கையெல்லாம் பேசாத. ஒண்ணாத்தான் தொறக்குறோம்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. பாவம், அப்படியே இருக்கட்டும்."

மாமா என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "சரிக்கா, போயிட்டு வரேன்" என்று மட்டும் சொன்னார். ஓட்டைவாய் மாமாவுக்கு என்ன வந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த வருஷம் அத்தா லீவில் வந்து திரும்பினார். ரயிலடியில் மறுபடியும் அதையே சொன்னார். "பாங்கு சொன்னதும் போடு, நானும் போடுவேன்." அம்மா, "ஆமாங்க, ஒண்ணாத்தான தொறக்குறோம்" என்று சிரித்தார். அத்தாவுக்கு உண்மை தெரியாதே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

இறங்கியதும் எல்லோரும் வாட்ச்சைத் திருப்பி வைப்பார்கள் என்று மாமா சொன்னது எனக்கு மனப்பாடம். அந்த எல்லோரில் அத்தாவும் உண்டு என்பதுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.