ஒலிவாங்கியில் உரைக்கப்பட்ட என் மகளின் பயம்

உடன் விசுவாசிகளே, என் இளைய மகள் ஜெனிட்டாவின் பயத்தை நான் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். அவர் அதை ஒலிவாங்கியில் சொன்னார்.

அவள் பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பொதுப் பரீட்சை எழுதவிருந்த வருடம் அது. வத்தேகமயிலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் போகையிலேயே பாடம் ஒப்பிக்கும் பிள்ளை, கணித வினாத்தாளைக் கண்டால் கை நடுங்கி வாந்தியெடுக்கலானாள். புத்தகத்தைத் தொடவே மனமில்லை.

"படிச்சு என்னாப்பா? அங்க போனா எல்லாம் மறந்துருது" என்று அழுதாள். பிறகு, "மாமாகிட்ட மட்டும் சொல்லுங்க. அவரு ஜெபிப்பாரு" என்றாள்.

மாமா என்றது எங்கள் ஜெபக்குழுத் தலைவரை. என் நெடுநாள் நண்பரை. அவளைக் குழந்தையாய்க் கையில் ஏந்தி ஆசீர்வதித்தவரும் அவரே.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அவர் உரத்துக் கூவினார்: "ஆண்டவரே, ஜெனிட்டா பிள்ளையப் புடிச்சிருக்கிற பயத்தின் ஆவியக் கட்டுறோம்!" சபை ஆமென் என்றது. அவளோடு படிக்கும் பிள்ளைகளும் தாய்மாரோடு அங்கிருந்தார்கள். மகள் அழவில்லை. என்னை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வை இன்றும் என்னைச் சுடுகிறது.

திங்களன்று வகுப்பில், "தள்ளி உக்காருங்கடி, ஆவி ஒட்டிக்கும்" என்றார்களாம். மறுநாள் அவள் பாடசாலைக்குப் போகவில்லை. அதன்பின்பும் போகவில்லை.

ஏன் சபை நடுவே சொன்னீர்களென்று நண்பரிடம் கேட்டேன். "ஜெபிக்கத்தானே சொன்னீங்க அண்ணே? ஜெபத்துல என்ன ரகசியம்?" என்று சிரித்தார்.

அன்று தனியே முழங்காலிட்டேன். "ஆண்டவரே, உம்மிடம் மட்டும் சொல்லுகிறேன். இவள் வெட்கப்படத் தேவையில்லாத ஓர் ஆளையாவது அனுப்பும்" என்றேன்.

அந்த வாரமே, மழையில் நனைந்தபடி ஒரு வகுப்புத் தோழி வந்தாள். அவளும் அந்த ஜெபத்தில் இருந்தவள். கேலிக்கு வந்தாளென்றெண்ணிக் கதவைப் பாதிதான் திறந்தேன்.

"ஜெனிட்டாவப் பாக்கணும் அங்கிள். எனக்கும் அப்புடித்தான். டெஸ்ட்னா காலையிலயே வயித்தால போகும். அம்மாவுக்கே தெரியாது. ஐயோ, நீங்க ஜெபத்துல சொல்லிறாதீங்க!"

உள்ளேயிருந்து மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு நான் கதவை முழுதாய்த் திறந்தேன்.

இருவரும் ஒரே மேசையில் இலகுவான கணக்குகளிலிருந்து தொடங்கினார்கள். அந்தத் தோழியின் கைபிடித்தே என் மகள் மீண்டும் வகுப்புக்குப் போனாள். பரீட்சை மண்டபத்திலும் கை நடுங்கியதாம், நடுங்கியபடியே எழுதினாள். கணிதத்தில் சாதாரணச் சித்தி, தேறினாள் என்ற அளவுதான். எங்கள் வீட்டில் அது திருநாள்.

ஆயினும் என் நண்பர், அந்த வெள்ளிக்கிழமையே ஆவி ஓடியதென்று தம்முடைய சாட்சியாகச் சபையில் சொன்னார். என் மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதை எழுதலாமா என்று நான் அவளிடம் கேட்டேன். "பேர மாத்தி எழுதுங்கப்பா" என்றாள். மாற்றியிருக்கிறேன். தோழியும் சம்மதித்தாள், அவளுக்குப் பெயரே இடவில்லை. இப்போதெல்லாம் பிறர் பிள்ளைகளுக்காக நான் வாய்திறவாமல்தான் ஜெபிக்கிறேன்.

நண்பரை மன்னிக்க இன்னும் என்னால் இயலவில்லை. அதையும் ஆண்டவரிடமே சொல்லியிருக்கிறேன். உங்கள் பிள்ளையின் கண்ணீரையும் அவரிடம் கொண்டு போங்கள். கேட்டதை அவர் வெளியே சொல்லமாட்டார்.