உயிரோடு இருந்திருக்க வேண்டிய நாய்

1. அண்ணனின் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகள் திருடு போயின.
2. நாய் குரைக்கவில்லை என்று அதைச் சாக்கு அறை இருட்டில் கட்டிப்போட்டு, சோற்றில் மிளகாய்ப்பொடி கலந்து வைத்தார். அப்படிச் செய்தால் நாய்க்கு ரோஷம் வருமென்று எங்கள் பக்கத்து மண்டிக்காரர்கள் நம்புவார்கள்.
3. சோறு வைக்கப் போன அண்ணியின் மணிக்கட்டை அது கடித்தது. அண்ணிக்கு ஏழாவது மாதம்.
4. நான் விழுப்புரத்தில் கால்நடை டாக்டரைக் கேட்டேன்.
5. திரும்பி வருவதற்குள் நாயைக் கொன்றிருந்தார்கள்.

விழுப்புரத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடமொன்றில் எனக்கு வேலை. மறுநாள் காலை அங்கே போகும் வழியில்தான் டாக்டரைப் பார்த்தேன். மிளகாய்ப்பொடி என்றதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இருட்டுல கட்டிப்போட்டு வயித்தை எரிய வெச்சா, அது கடிக்காம கொஞ்சுமா? பயத்துலகூடக் கடிச்சிருக்கலாம். ஆனா வெறி இல்லேன்னு இப்ப சொல்ல முடியாது. பதினாலு நாள் ஊசியை இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க. நாயை வெளிச்சத்துல கட்டி, தண்ணி குடிக்குதா, தின்னுதான்னு தள்ளி நின்னு பாருங்க. பத்து நாள் நல்லா இருந்தா ஊசியைப் பாதியிலயே நிறுத்திடலாம். அடிச்சுக் கிடிச்சுப் போட்டுடாதீங்க."

அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். திண்டிவனம் மண்டி வாசலில் லாரி நின்றது. ஆட்கள் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சாக்கு அறைக் கதவு திறந்து கிடந்தது.

"நாய் எங்கண்ணா?"

"அது உள்ள இருந்தா மூட்டை தூக்க மாட்டோம்னு நின்னுக்கினாங்க பாப்பா. லாரி காத்துக்கினு இருக்குது. நான் இன்னா பண்றது?"

"தலை இருக்கா? மூளையை அனுப்பினா பார்த்துச் சொல்வாங்க."

மூட்டை சுமந்து வந்த பெரியவர் நின்று சிரித்தார். "தலையிலதாம்மா போட்டோம். அப்புறம் கிருஷ்ணாயில் ஊத்திக் கொளுத்தியாச்சு. வெறி நாய்த் தலைய பார்சல் கட்டுறதுக்கா படிச்சுட்டு வந்த?"

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அண்ணன் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மொத்தமும் போட்டுக்கினா போச்சு," என்றார்.

அன்று சாயங்காலமே அண்ணியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வரிசையில் நிற்கும்போது என் காதருகே கேட்டார்: "தொப்புளைச் சுத்திப் போடுவாங்களாமே பாப்பா. புள்ளை மேல குத்திடாதா?"

"குத்தாது அண்ணி. தோலுக்கு அடியிலதான் போடுவாங்க."

"உங்கண்ணனைக் கட்டிப்போட்டு நாலு போடச் சொல்லு," என்று சிரித்தவர், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார்.

ஊசிகள் நடந்துகொண்டிருக்கின்றன. போட்ட இடமெல்லாம் தடித்துச் சிவந்திருக்கிறது. பாதியில் நிறுத்த வழியில்லை. குழந்தை அசைகிறது. நாய்க்கு வெறி இருந்ததா என்பதை இனி யாரும் சொல்ல முடியாது.